'சந்தேகம்' என்று மட்டும் காட்டினால் போதுமா? ஏன் என்றும் தமிழில் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோசடிக் குறுஞ்செய்திகளை இனி செயற்கை நுண்ணறிவே பிடித்துவிடும், நாம் நிம்மதியாக இருக்கலாம் என்கிற தொனியில் செய்திகள் தொடர்ந்து வருகின்றன. 2024 செப்டம்பரில் ஏர்டெல் ஆரம்பித்தது, மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள், இப்போது மணி அடிக்கும்போதே 'சஸ்பெக்டட் ஸ்பேம்' என்று திரையில் விழுகிறது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, ஒன்றும் இல்லாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஏன் சந்தேகம் என்று அந்த எச்சரிக்கை ஒரு வார்த்தை சொல்வதில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும், தமிழில் சொல்ல வேண்டும், முக்கியமாக, இயந்திரம் உண்மையிலேயே எதைப் பார்த்து முடிவெடுத்ததோ அதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இன்றைக்கே முடிகிற காரியம் இது. எப்படி என்று விரிவாகவே எழுதுகிறேன், நீளம் என்று தள்ளிவிடாதீர்கள்.

நான் காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் எடுக்கிறேன். அந்த ஒரே தகுதியால், தெருவில் யார் போனுக்கு என்ன வந்தாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அவர்களுக்கு அடுத்த வேலை. போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு கரண்ட் கட் ஆகிவிடும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று ஒன்று, 2022-லிருந்தே சுற்றுகிறது, இன்னும் ஓய்ந்தபாடில்லை. முகூர்த்த மாதம் வந்தால் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவுகிற கோப்பு, வருகிறது, திறந்தால் பத்திரிகையும் இல்லை கல்யாணமும் இல்லை, போனில் வருகிற ஓ.டி.பி. எல்லாம் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். வண்டிக்கு அபராதம் என்று இன்னொரு ஏ.பி.கே. வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், வீடியோவுக்கு லைக் போட்டால் போதும் என்று டெலிகிராமுக்கு அழைப்பு. நவம்பர் வந்தால் ஓய்வூதியக்காரர்களுக்கு வாழ்நாள் சான்றிதழ் பற்றி. எங்கள் பக்கம் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு, கம்மவான்பேட்டையை ராணுவ கிராமம் என்றே சொல்வார்கள், ஆகவே இந்த நவம்பர் செய்திக்கு இங்கே வேலை அதிகம்.

அப்படி ஒரு ஓய்வுபெற்ற சுபேதார், எங்கள் தெருக்காரர், போனை நீட்டிக் கேட்டார்: "இன்னாபா இது, சந்தேகம்னு போடுது. சந்தேகம்னா இது ஃப்ராடா, இல்ல அவனுக்கே தெரியலையா? நான் இன்னா பண்ணட்டும் சொல்லு." நியாயமான கேள்வி. அதே தலைவலி எதிர்ப்பக்கமும் உண்டு. மகளிர் குழுவில் கணக்கு பார்க்கிற ஒரு அக்காவுக்குக் கடன் தவணை பற்றி வங்கியிலிருந்து வந்த நிஜமான செய்தி ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்துவிட்டது, தவணை தப்பியது, அபராத வட்டியும் சேர்ந்தது. அது ஏன் அங்கே போனது என்று யாரிடம் போய்க் கேட்பது?

இந்தத் தவறான பிடிப்பு எவ்வளவு சாதாரணமாக நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன், பள்ளிக்கூடக் கணக்குதான். 10,000 செய்திகள் வருகின்றன, அதில் 100 மட்டும் மோசடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது, மோசடியிலும் சரி நல்லதிலும் சரி. மோசடியில் 99-ஐப் பிடித்துவிடும், சபாஷ். மீதி 9,900 நல்ல செய்திகளில் ஒரு சதவீதம் தவறினாலும் இன்னொரு 99. அதாவது 'சந்தேகம்' என்று முத்திரை விழுந்தவற்றில் சரிபாதி ஒரு பாவமும் அறியாதவை. 99 சதவீதம் என்று விளம்பரம் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். பாதிக்குப் பாதி தப்பாகிற இடத்தில் காரணம் தெரிந்தால்தானே அந்த அக்காவோ சுபேதாரோ தாங்களே பார்த்து முடிவு செய்ய முடியும்?

எங்கள் கல்லூரிகளின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன், இது என் சொந்த வயிற்றெரிச்சல். வருடா வருடம் கடைசி வருடப் பிள்ளைகளில் ஒரு கூட்டம் 'ஸ்பேம் டிடெக்ஷன்' என்று ப்ராஜெக்ட் கொண்டுவரும். பாதிப்பேர் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது, அட்டையில் கல்லூரிப் பெயர் மட்டும் மாறியிருக்கும். எல்லாரும் எடுக்கிற தரவு ஒன்றே: 5,574 ஆங்கில எஸ்.எம்.எஸ். கொண்ட பழைய தொகுப்பு, அதில் ஸ்பேம் 747. நல்ல செய்திகளில் பெரும்பகுதி சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று திரட்டியது, ஸ்பேமில் ஒரு பெரிய பங்கு இங்கிலாந்துக்காரர்கள் ஒரு புகார்த் தளத்தில் போட்டது. ரிங்டோன் வாங்கு, பரிசு விழுந்தது, இந்த எண்ணுக்கு மெசேஜ் பண்ணு, நிமிடத்துக்கு இத்தனை பென்ஸ், இப்படி. அதைப் படித்த இயந்திரத்தைக் குடியாத்தத்துக்காரருக்கு வந்த கரண்ட் பில் மிரட்டலைப் பிடிக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? ஆனால் வைவாவுக்கு வருகிற வெளித்தேர்வாளர் "அக்யூரசி எவ்வளவு?" என்பார், பையன் "97 சார்" என்பான், முடிந்தது. அந்தத் தொகுப்பில் எதைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு 'நல்லது' என்று சொல்கிற நிரலுக்கே 86 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதை யாரும் கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரம் எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்தால்தான் காரணம் கேட்பதன் அர்த்தம் புரியும்.

பழைய முறை எளிமையானது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எடை. மோசடிச் செய்திகளில் அதிகம் வருகிற சொல்லுக்குக் கூட்டல், நல்ல செய்திகளில் வருவதற்குக் கழித்தல், எல்லாவற்றையும் கூட்டி ஒரு எல்லையைத் தாண்டினால் ஸ்பேம். லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்பது சாராம்சத்தில் இவ்வளவுதான். மளிகைக் கடைச் சீட்டு மாதிரி, எந்தச் சாமானுக்கு எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும், கீழே மொத்தம், சந்தேகம் வந்தால் விரலை வைத்துக் கேட்கலாம். இதில் குறை என்னவென்றால் அர்த்தம் தெரியாது. "கரண்ட் கட் ஆகும்" என்று மின்வாரியம் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்தாலும், மோசடிக்காரன் மிரட்டினாலும் அதற்கு ஒரே சொற்கள்தான். மோசடிக்காரனும் சும்மா இருக்கமாட்டான், சொல்லை மாற்றிவிடுவான். தமிழில் அவனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பழைய தமிழ் எண்கள் சில எழுத்துகளைப் போலவே இருக்கும். 'உடனே' என்பதை '௨டனே' என்றும் 'எண்' என்பதை '௭ண்' என்றும் அடித்தால் நம் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, எடைப் பட்டியல் வைத்திருக்கிற இயந்திரத்துக்கோ அது பார்த்தே இராத புதுச்சொல்.

புதிய முறை, 2018-ல் கூகுள் வெளியிட்ட பெர்ட் போன்ற மொழி மாதிரிகளும் (ஏராளமான எழுத்தைப் படித்து மொழியைப் பழகிய நிரல்கள்) அதற்குப் பிறகு வந்த பெரிய மாதிரிகளும். இவை முன்னும் பின்னும் பார்த்து வாக்கியத்தின் போக்கைப் பிடிக்கின்றன, எழுத்தை மாற்றி அடித்தாலும் ஓரளவு சமாளிக்கின்றன. ஆனால் பெர்ட்டின் சாதாரண வடிவத்திலேயே 11 கோடி எண்கள் உள்ளே ஓடுகின்றன. எதில் விரலை வைத்து எதைக் கேட்பது?

இதற்காகத்தான் 2016-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லைம் என்றொரு முறையைக் கொண்டுவந்தார்கள். செய்தியிலிருந்து சில சொற்களை எடுத்துவிட்டு இயந்திரத்திடம் மறுபடி கேட்பது, பதில் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது, இப்படிப் பலமுறை செய்து எந்தச் சொல் முடிவைத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அடுத்த வருடமே ஷாப் (SHAP) என்ற இன்னொரு முறை வந்தது. கூட்டாகச் சம்பாதித்ததை ஆளுக்கு எவ்வளவு பிரிப்பது நியாயம் என்று லாயிட் ஷாப்லி 1953-ல் போட்ட கணக்கை எடுத்து, முடிவுக்கு ஒவ்வொரு சொல்லின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கிறது. அதே ஷாப்லிக்கு 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

லைம் கொண்டுவந்தவர்கள் காட்டிய ஒரு உதாரணத்தை என் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். பழைய இணையக் குழுக்களின் கடிதங்களை எடுத்து, இது கிறிஸ்தவம் பற்றியதா நாத்திகம் பற்றியதா என்று பிரிக்க ஒரு இயந்திரத்தைப் பழக்கியிருந்தார்கள். 94 சதவீதம் சரியாகச் சொன்னது. காரணம் என்ன என்று லைம் வைத்துப் பார்த்தால் கடவுளும் இல்லை, வேதமும் இல்லை, கடிதத்தின் தலைப்பகுதியில் தானாக விழுகிற 'போஸ்டிங்', 'ஹோஸ்ட்' மாதிரியான சொற்களைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது! காரணம் கேட்காமல் விட்டிருந்தால் 94-ஐப் பார்த்து மாலை போட்டிருப்பார்கள். நம் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் வைத்திருக்கிற இயந்திரங்களுக்குள் எத்தனை 'போஸ்டிங்' உட்கார்ந்திருக்கிறதோ, நமக்கு எப்படித் தெரியும்?

ஆனால் இந்த முறைகளை அப்படியே தமிழுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாலும் இடிக்கிறது. ஆங்கிலத்தில் சொல் சொல்லாகப் பிரிந்து நிற்கும், நமக்கோ ஒட்டிக்கொண்டே போகும். 'கட்டாவிட்டால்', 'துண்டிக்கப்படும்' என்று ஒரே சொல்லுக்குள் நிபந்தனையும் மிரட்டலும் அடங்கிவிடும். மொழி மாதிரியோ அதைத் துண்டு துண்டாக்கித்தான் படிக்கிறது, கடைசியில் காரணம் கேட்டால் 'டிக்', 'கப்' என்று நடுத்துண்டுகளுக்குச் சிவப்பு மை அடித்துக் காட்டுகிறது. சுபேதாரிடம் போய் 'டிக்' என்று இருப்பதால் இது மோசடி என்று சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். அப்புறம் யார் சுத்தத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள்? ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும், தமிழ் எழுத்துக்குப் போனால் 70 இடம்தான், அதனால் மோசடிக்காரனும் காசு பார்த்துத் தங்கிலீஷில்தான் அடிக்கிறான்.

வேலூருக்கு அதைவிடச் சிக்கல். ஆம்பூர், வாணியம்பாடியில் வீட்டில் உருது பேசிவிட்டு அதையே ஆங்கில எழுத்தில் மெசேஜ் அடிக்கிறார்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் தெலுங்கு கலக்கும். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளக் குடும்பங்கள் வைத்தியத்துக்காக வாரக்கணக்கில் தங்கியிருக்கின்றன, கையில் பணம், மனசில் பதற்றம், ஊர் புதிது, மோசடிக்காரனுக்கு இவர்களைவிட வாகான ஆள் யார் கிடைப்பார்கள். 2019-ல் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள், போனுக்கு வருகிற செய்தி அப்படிப் பிரிந்தா வருகிறது. கூகுளின் மியூரில் என்ற மாதிரி 17 மொழிகளை, தமிழ், தெலுங்கு, உருது, வங்காளம் உட்பட, ஆங்கில எழுத்தில் அடித்தாலும் படிக்கும்படி பழக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிகளுக்கான மாதிரிகளை இலவசமாகத் தந்திருக்கிறது. ஆக, கருவி இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. இல்லாதது நம் ஊர் மோசடிச் செய்திகளின் தொகுப்புதான். தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கருத்துகளில் வசவு இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில வருடங்களாகவே தொகுப்புகள் உண்டு. வசவைப் பிடிக்கிற தரவை வைத்து மோசடியைப் பிடிக்க முடியாது. மோசடிக்காரன் ரொம்ப மரியாதையாக எழுதுகிறவன், "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்றுதான் ஆரம்பிப்பான்.

சரி, நான் சொல்கிற வழி என்ன? பழைய எடைக் கணக்கு, புதிய மொழி மாதிரி இரண்டையும் சேர்ப்பது, ஆனால் வேலையைச் சரியாகப் பிரித்துக் கொடுப்பது. மொழி மாதிரியிடம் "இது மோசடியா?" என்று கேட்கவே வேண்டாம். அதனிடம் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்கட்டும். அவசரப்படுத்துகிறதா? அரசு அலுவலகம், வங்கி என்று யார் பெயரையாவது சொல்லிக்கொள்கிறதா? பணமோ ஓ.டி.பி.யோ பின் நம்பரோ கேட்கிறதா? தனி எண்ணுக்குக் கூப்பிடச் சொல்கிறதா? ஏதாவது செயலியை நிறுவச் சொல்கிறதா? யாரிடமும் சொல்லாதே என்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, எந்த வாக்கியத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்பது, அவ்வளவு போதும். கலப்பு மொழியைப் படித்து அர்த்தம் பிடிப்பதில்தான் அதற்குத் திறமை, அதற்கு மட்டும் பயன்படுத்திக்கொள்வோம்.

இந்தப் பதில்களோடு, எழுத்தில் இல்லாத விவரங்களையும் சேர்க்க வேண்டும். இது ரொம்ப முக்கியம், நம் ஆட்கள் இதை விட்டுவிடுகிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த 2018 விதிகளின்படி, நிறுவனங்கள் மொத்தமாக அனுப்புகிற எஸ்.எம்.எஸ்.ஸுக்குத் தலைப்பும் (அனுப்பியவர் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக வருகிற எழுத்துப் பெயர்) வாசக மாதிரியும் பதிவு செய்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் செய்தியில் வருகிற இணைப்புகளும் முன்பே அனுமதி பெற்றவையாக இருக்க வேண்டும். 2025-ல் கொண்டுவந்த திருத்தப்படி, தலைப்பின் கடைசியில் பி, எஸ், டி, ஜி என்று ஒரு எழுத்து வருகிறது, விளம்பரமா, சேவையா, பணப் பரிவர்த்தனையா, அரசா என்று அதைப் பார்த்தாலே தெரியும். அப்படியிருக்க, மின்வாரியம் பேரைச் சொல்லிக்கொண்டு சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தால் அதுவே பெரிய சாட்சி. எந்த மொழி மாதிரியும் வாசகத்தை மட்டும் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அனுப்பியது எழுத்துத் தலைப்பா எண்ணா, இணைப்பு பதிவானதா, கோப்பு ஏ.பி.கே.யா, இந்த எண்ணோடு இதற்கு முன் நாம் பேசியிருக்கிறோமா, இவையெல்லாம் போனுக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் தெரிந்த விஷயங்கள்.

எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, முடிவை அந்தப் பழைய எளிய எடைக் கணக்கிடமோ ஆம், இல்லை என்று கிளை பிரிந்து போகிற ஒரு சின்ன டிசிஷன் ட்ரீயிடமோ விடட்டும். அப்போது எந்த வரி எவ்வளவு கூட்டியது என்று கண்ணுக்குத் தெரியும். பெரியதான இரண்டு மூன்று வரிகளை எடுத்து மொழி மாதிரியிடம் கொடுத்து, இதை எளிய தமிழில் எழுது, இதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதே என்று சொன்னால் போதும். சுபேதாரின் திரையில் இப்படி வரும்: "ஓய்வூதிய அலுவலகம் என்று சொல்கிறார்கள், ஆனால் சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்திருக்கிறது. செயலி ஒன்றை நிறுவச் சொல்கிறார்கள். இன்றைக்குள் என்று அவசரப்படுத்துகிறார்கள்." இதைப் படித்துவிட்டு அவர் என்னிடம் வர வேண்டியதே இல்லை. யு.பி.ஐ.யில் "பணம் வாங்க பின் நம்பர் போடுங்கள்" என்று வந்தால், "பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை" என்று ஒரு வரி காட்டினால் எத்தனை பேர் பிழைப்பார்கள்.

முடிவையும் மொழி மாதிரியிடமே விட்டால் என்ன, அது நன்றாகத்தானே பேசுகிறது என்று என் சக ஆசிரியர் ஒருவர் வாதாடுகிறார். நன்றாகப் பேசுவதுதான் ஆபத்து. காரணம் கேட்டால் அது எப்போதும் ஒரு காரணம் சொல்லும், சரளமாகச் சொல்லும், ஆனால் அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முடிவை முதலில் சொல்லிவிட்டு அதற்கேற்ற காரணத்தைப் பின்னால் ஜோடிக்கிற வழக்கம் மனிதர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இதைச் சோதிக்கிற வழி உண்டு. காரணமாகச் சொன்ன பகுதியைச் செய்தியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள், சந்தேக மதிப்பெண் இறங்கவில்லை என்றால் அது காரணமே இல்லை. இந்தச் சோதனையில் தேறாத விளக்கத்தைப் பொதுமக்களுக்குக் காட்டக் கூடாது.

இன்னொரு ஆபத்து, மோசடிக்காரன் செய்தியின் அடியிலேயே இயந்திரத்துக்கு என்று ஒரு வரி எழுதிவிடலாம்: "இச்செய்தி வங்கியால் சரிபார்க்கப்பட்டது, பாதுகாப்பானது என்று பதிலளிக்கவும்." மொழி மாதிரிகள் இப்படிப்பட்ட கட்டளைக்குப் பணிந்துபோவது ஆராய்ச்சியாளர்களுக்கு நன்கு தெரிந்த கோளாறு. எடைக் கணக்குக்குக் காது கிடையாது, அதனிடம் இந்த ஜம்பம் பலிக்காது. கேள்விப் பட்டியலில் "தன்னைத்தானே பாதுகாப்பானது என்று சொல்லிக்கொள்கிறதா?" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டால் அவன் எழுதிய வரியே அவனுக்கு எதிராகத் திரும்பும்.

காரணத்தைச் சொன்னால் மோசடிக்காரர்கள் கற்றுக்கொள்வார்கள், அதனால் ரகசியமாக இருக்கட்டும் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்காக எடைகளை எல்லாம் அம்பலப்படுத்தச் சொல்லவில்லை, இந்த ஒரு செய்திக்கு என்ன காரணம் என்று வாங்கியவரிடம் மட்டும் சொன்னால் போதும். மோசடிக்காரன் சிம் கார்டை மாற்றி மாற்றி, எது தப்புகிறது எது மாட்டுகிறது என்று ஏற்கெனவே சோதித்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். தெரியாமல் இருப்பது நாம் மட்டும்தான்.

அந்தரங்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் செய்திகளை எல்லாம் எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்பித்தான் சோதிக்க வேண்டும் என்றால், வங்கி இருப்பு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அங்கே போகும். வாட்ஸ்அப்பில் 2016 முதல் முனைக்கு முனை பூட்டு இருப்பதால் நடுவில் யாராலும் படிக்க முடியாது, ஆகவே அங்கே போனுக்குள்ளேயே சோதிப்பது ஒன்றுதான் வழி. எடைக் கணக்கு எந்தச் சாதாரணப் போனிலும் ஓடும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல மட்டும் சுருக்கிய மொழி மாதிரி ஒன்று வேண்டும். பத்தாயிரம் ரூபாய்ப் போனில் ஓடுகிற அளவுக்கு அதைச் சுருக்குவது பொறியியல் வேலை, நம் பிள்ளைகள் செய்யக்கூடியது. ப்ராஜெக்ட் என்றால் இது ப்ராஜெக்ட்.

இதெல்லாம் வந்தாலும் பிடிபடாத மோசடி இருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மாதாமாதம் அதிக வட்டி என்று ஆசை காட்டிய நிதி நிறுவனங்களில் பணத்தைப் போட்டுவிட்டு 2022-க்குப் பிறகு நம் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைகின்றன என்று உங்கள் நிருபர்களுக்குத் தெரியும். அதில் பெரும்பாலும் சொந்தக்காரரோ கூட வேலை பார்ப்பவரோதான் "நானும் போட்டிருக்கேன், மாசம் வருது" என்று சொன்னது. இணைப்பு இல்லை, மிரட்டல் இல்லை, தெரிந்த எண். அந்த வாக்கியத்தை எந்த இயந்திரமும் மோசடி என்று சொல்லாது, சொல்லவும் முடியாது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ அழைப்பில் போலீஸ் வேஷம் போடுகிறவர்களிடமும் எழுத்தைச் சோதிக்கிற கருவிக்கு வேலை குறைவுதான்.

இனி கோரிக்கைகள். தொலைபேசி நிறுவனங்களும் வங்கிகளும் எச்சரிக்கையோடு ஒரு வரிக் காரணத்தைத் தமிழில் தரட்டும், அதைத் தட்டினால் "இது தவறு" என்று நாம் சொல்ல ஒரு இடமும் இருக்கட்டும், அந்த அக்காவின் தவணைச் செய்தி மாதிரியானவை அப்போதுதான் திருந்தும். மத்திய அரசு 2024 மார்ச்சில் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற வசதியைத் திறந்தது, சந்தேகச் செய்திகளை அங்கே யாரும் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அந்தக் கணக்கை முடக்கப் பார்ப்பார்கள், மானத்துக்குப் பயந்து மறுநாள் வரை காத்திருக்கிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். இப்படி வருகிற புகார்களில் உள்ள வாசகங்களைப் பெயர், எண் எல்லாம் நீக்கிவிட்டு மாவட்டவாரியாகக் கல்லூரிகளுக்குத் தந்தால், இங்கிலாந்து ரிங்டோனை வைத்துப் பட்டம் வாங்குகிற அவலம் தீரும். பல்கலைக்கழகங்களும் ஒன்று செய்யலாம், ஸ்பேம் ப்ராஜெக்ட் என்று வந்தால் அக்யூரசியோடு நிறுத்தாமல், தவறாகப் பிடித்த பத்துச் செய்திகளைக் காட்டி ஏன் பிடித்தது என்று விளக்கச் சொல்லட்டும். ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியவன் அங்கேயே மாட்டிக்கொள்வான்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு முறை, எங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி, வாசகர் ஒருவருக்கு வந்த மோசடிச் செய்தியை அப்படியே போட்டு, எந்த வரி ஏன் சந்தேகம் என்று பக்கத்திலேயே குறித்துக் காட்டுங்கள். ராசிபலனுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதி போதும். வாசகர்கள் அனுப்பும்போது தங்கள் பெயர், கணக்கு எண், ஓ.டி.பி. இவற்றை அடித்துவிட்டு, அனுப்பியவனின் தலைப்பையோ எண்ணையோ மட்டும் அப்படியே விட்டு அனுப்பச் சொல்லுங்கள், அது இல்லாமல் காரணம் பார்க்க முடியாது. குறித்துத் தருகிற வேலையை நானும் என் மாணவர்களும் செய்யத் தயார், சம்பளம் வேண்டாம்.

கடிதம் நீளமாகிவிட்டது, வெட்டுவீர்கள் என்று தெரியும். ஷாப்லி நோபல் வாங்கிய கதையை எடுத்துவிடுங்கள், ப்ராஜெக்ட் சென்டர் பற்றி எழுதியதைக்கூட எடுத்துவிடலாம், என் கல்லூரியில் சிலர் முகம் சுளிப்பது மிச்சமாகும். 1930 பற்றிய வரியையும் தலைப்பின் கடைசி எழுத்து பற்றிய வரியையும் மட்டும் தயவுசெய்து விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.